அக்காவும் தங்கையும் ஒருத்திதான்

கோடை விடுமுறையில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் தெருவின் சத்தம் மாறிவிடும். காலையில் ஏழெட்டுத் தறிகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓடும். இரண்டு மணிக்கு மேல் ஒவ்வொன்றாக ஓய்ந்து, பக்கத்து வீட்டுத் தறி மட்டும் மெதுவாக அடித்துக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் போன மே மாதம் முழுவதும் ஒரு மென்பொருளின் புதிய பதிப்பைச் சோதித்தேன். மின்விசிறி சுற்றும். திரையில் எண்கள் மேலேறிப் போகும். கண் தானாகச் சொக்கும். திடுக்கிட்டு விழிக்கும்போது நின்றிருப்பது தறியா, கணக்கா என்று சட்டென்று பிடிபடாது.

காஞ்சிபுரத்துக்கு வெளியே ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். நான் படித்தது படிகங்களைப் பற்றி. உப்புக்கல் அளவுள்ள ஒரு படிகத்தின்மேல் எக்ஸ்ரே பாய்ச்சினால் ஆயிரக்கணக்கான புள்ளிகள் விழும். அந்தப் புள்ளிகளை வைத்துக்கொண்டு உள்ளே எந்த அணு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். இதில் ஒரு சங்கடம் உண்டு. புள்ளிகளைப் பதிவு செய்யும்போதே பாதி விவரம் தொலைந்துபோகிறது. தொலைந்த பாதியை ஊகித்து மீட்பதுதான் மென்பொருளின் வேலை. எங்கள் கல்லூரியில் எக்ஸ்ரே கருவி கிடையாது, அதனால் நான் புதிதாக எதையும் கண்டுபிடிப்பதில்லை. வெளிநாட்டில் ஒரு குழு இந்த மென்பொருளை எழுதுகிறது. புதிய பதிப்பை ஊருக்கு விடுவதற்கு முன் என்னைப் போன்ற சிலருக்கு அனுப்பி, எங்கே உடைகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள் என்பார்கள். சம்பளம் கிடையாது, நன்றிப் பட்டியலில் பெயர் வரும். அடுத்தவர் வேலையில் குற்றம் கண்டுபிடிக்க எனக்கு யாரும் சம்பளம் தர வேண்டியதில்லை என்று என் கணவர் சொல்வார். அது உண்மைதான்.

அந்தக் குழுவிடமிருந்து வரும் கடிதங்கள் எல்லாம் என் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பிக்கும். வெளிநாட்டுப் படிவங்களில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். அதை நிரப்பாமல் மேலே போக விடாது. நமக்குக் குடும்பப் பெயர் ஏது? இனிஷியலை விரித்து அப்பா பெயரை முழுசாக எழுதிவிடுவோம். அதனால் ஆராய்ச்சி உலகத்தில் நான் அப்பா பெயரில்தான் நடமாடுகிறேன். சைக்கிள் கடை வைத்திருந்தவர் அவர். இறந்து இத்தனை வருடத்துக்குப் பிறகும் முகம் தெரியாத யாரோ ஒருவர் அவரை ‘அன்புள்ள டாக்டர்’ என்று கூப்பிட்டு நலம் விசாரிக்கிறார். எனக்கு அது பிடிக்கும். அந்தக் கடிதங்களை நான் அழிப்பதில்லை.

சோதிப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஏற்கனவே விடை தெரிந்த பழைய தரவுகளைப் புதிய பதிப்பிடம் கொடுக்க வேண்டும், விடையை மட்டும் சொல்லக் கூடாது. அது தானாகக் கண்டுபிடித்தது பழைய விடையோடு ஒத்துப்போனால் ஒரு டிக். ஒத்துப்போகாவிட்டால் ஏன் என்று எழுத வேண்டும். பழைய பதிப்பில், படிகத்துக்குள் என்ன சமச்சீர் இருக்கிறது என்பதை நாம்தான் முதலில் முடிவு செய்து சொல்வோம். அதாவது, எதைச் சுற்றினால், எதைப் புரட்டினால் மறுபடி அதே உருவம் வரும் என்பதை. புதியது நம்மைக் கேட்பதில்லை. எல்லா விதமாகவும் தானே போட்டுப் பார்த்து, எது பொருந்துகிறதோ அதைச் சொல்லிவிடும். ஒன்றைத் திருப்பினால் மற்றது வந்துவிடும் என்றால், ஒன்றை மட்டும்தான் திரையில் காட்டும்.

விடை வரும் விதத்தின் மேல்தான் எனக்குப் பித்து. முதலில் திரை முழுக்க வெறும் பனி. பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பனி கெட்டிப்படும். கந்தகம் போன்ற கனமான அணு முதலில் தலைகாட்டும். அதைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இன்னொன்று எழும். கொஞ்ச நேரத்தில் ஆறு அணுக்கள் கைகோர்த்து வளையமாக நிற்கும். அந்த நேரத்தில் நான் கண்ணை மூடிக்கொள்வதுண்டு. படிகத்துக்குள்ளே நடந்து போவேன். ஒரே தெரு, அடுத்ததும் அதே தெரு, அதற்கடுத்ததும் அதேதான். ஒவ்வொரு வாசலிலும் அதே கோலம், ஒவ்வொரு மூன்றாவது ஜன்னலிலும் அதே ஈரப் புடவை. எந்த வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாலும் ஊர் ஒன்றுபோலத் தெரியும். யாரும் தொலைந்துபோக முடியாத ஊர் அது. பக்கத்து வீட்டுத் தறி அங்கேயும் கேட்கும்.

மூன்றாவது வாரம் என் சொந்தத் தரவுக்கு வந்தேன். முனைவர் பட்டத்துக்காகச் சென்னையில் நான் வளர்த்த படிகம். வெளிர் மஞ்சள், ஊசி மாதிரி மெலிசு. அதன் விடை எனக்கு மனப்பாடம் என்பதால் ஓட்டிவிட்டு மோர் குடிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் அது முடித்துவிட்டிருந்தது. நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. திரையில் ஒரே ஒரு மூலக்கூறு இருந்தது.

இரண்டு இருக்க வேண்டும்.

அந்த இரண்டைப் பற்றிச் சொன்னால்தான் நான் ஏன் பதறினேன் என்று புரியும். படிகம் என்பது ஒரே மாதிரிச் சின்னச் சின்னப் பெட்டிகளை அடுக்கியதுதான். பன்னிரண்டு வருடத்துக்கு முன் நான் கண்டுபிடித்த விடைப்படி, அந்தப் பெட்டி ஒவ்வொன்றிலும் இரண்டு மூலக்கூறுகள். பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் அளந்தால் வித்தியாசம். ஒன்றில் ஒரு பிணைப்பு கொஞ்சம் நீளம், மற்றதில் அதே பிணைப்பு கொஞ்சம் குட்டை. ஒன்று நிமிர்ந்திருக்கும், மற்றது லேசாக நெளிந்திருக்கும். லேபில் அவற்றை அக்கா, தங்கை என்று கூப்பிட்டோம். ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு இருவரும் ஏன் வேறு வேறாக வளர்ந்தார்கள் என்று என் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமே எழுதினேன். அது கட்டுரையாக அச்சிலும் வந்தது. வேலைக்கான நேர்முகத் தேர்வில் அதைப் பற்றித்தான் கேட்டார்கள். அக்கா தங்கை புண்ணியத்தில்தான் நான் சோறு சாப்பிடுகிறேன்.

பெயர் வைத்தது நான் அல்ல, எனக்கு அடுத்த மேஜையில் இருந்தவள். மாகறல்காரி. நெல் பயிரிடும் குடும்பம். மூன்று வருடம் நாங்கள் இருவரும் ஒரே டிபன் டப்பாவில் சாப்பிட்டோம். ஹாஸ்டலில் இருவருக்கும் ஒரே வாளி. அக்கா தங்கை என்று பெயர் வைத்த ஒரே வாரத்தில் அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மூலக்கூறுகளின் படத்தை இரண்டு பிளாஸ்டிக் தாள்களில் அச்சடித்தாள். ஒன்றின்மேல் ஒன்றை வைத்து, நடுவில் ஓர் ஊக்கைக் குத்தி, மேல் தாளை மட்டும் அரைச் சுற்று சுற்றினாள். அக்கா போய்த் தங்கையின்மேல் உட்கார்ந்தாள், கிட்டத்தட்ட.

“ரெண்டும் ஒருத்திதான்பா” என்றாள். “நடுவுல ஒரு புள்ளி இருக்குது. அந்தப் புள்ளி வழியா திருப்பிப் போட்டா இவதான் அவ. நீ ஒருத்தியவே ரெண்டு தரம் எண்ணிக்கினு இருக்கே.”

“கிட்டத்தட்டன்னா ஒண்ணாயிடுமா? நீளத்தைப் பாரு.”

“நீளம் கெடக்குது. கண்ணால பாத்தாலே தெரியுது.”

அவள் சொன்னது சரியென்றால் வித்தியாசம் என்று ஒன்றே கிடையாது. என் அத்தியாயமும் கிடையாது. அப்போது இருந்த சோதனைகள் இரண்டு பக்கமும் தலையாட்டின. தரவும் அவ்வளவு சுத்தமில்லை. எனக்குப் பிடித்த பக்கத்தை நான் எடுத்துக்கொண்டேன்.

அந்த வார ஆய்வுக் கூட்டத்தில் நான் பேசி முடித்ததும் அவள் எழுந்து, தாள்களையும் ஊக்கையும் எல்லோருக்கும் காட்டினாள். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. “கண்ணால பாத்து ஒரே வரிசைன்னு சொல்றதுக்கு இது நாத்து நடற வேலை இல்ல” என்றேன். அறையே சிரித்தது. பேராசிரியர் சிரிக்கவில்லை, என்னைத் தடுக்கவும் இல்லை. அவள் ஊக்கைப் பிடுங்கித் துப்பட்டாவில் குத்திக்கொண்டு உட்கார்ந்தாள். அதற்கு முந்தின வாரம்தான் அவள் ஊருக்குப் போய், அப்பாவோடு நடவில் நின்றுவிட்டு வந்திருந்தாள். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

மறுநாளிலிருந்து டிபன் டப்பா இரண்டாயிற்று. அந்த வருடக் கடைசியில் அவளுக்கு அரசுப் பள்ளியில் வேலை கிடைத்து, ஆய்வை முடிக்காமலே போய்விட்டாள். என்னால்தான் போனாள் என்று சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது. நான் கல்யாணமாகிக் காஞ்சிபுரத்துக்கு வந்தேன். இங்கிருந்து மாகறல் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். இத்தனை வருடத்தில் அந்தப் பஸ்ஸில் ஒருமுறையும் ஏறவில்லை.

ஆகவே, திரையில் ஒற்றை மூலக்கூறைப் பார்த்ததும் மென்பொருளைத்தான் முதலில் திட்டினேன். புதிய பதிப்பில் பிழை என்று முடிவே கட்டிவிட்டேன். இல்லாத சமச்சீரை வலிந்து திணிக்கிறது, வெவ்வேறான இரண்டை ஒன்றாக அமுக்கிவிட்டது என்று அந்தக் குழுவுக்குப் புகார் எழுதினேன், கொஞ்சம் காரமாகவே. அனுப்பப் போகும் நேரத்தில் மின்சாரம் போயிற்று. அன்று மாதாந்திரப் பராமரிப்பு, ஐந்து மணிக்குத்தான் வரும். லேப்டாப்பில் உயிர் இருந்தது, இணையம் செத்துப்போயிற்று.

மின்விசிறி நின்றதும் தறிச் சத்தம் கிட்டத்தில் வந்தது. கைத்தறிக்கு மின்சாரத்தைப் பற்றி என்ன கவலை. காற்றுக்காக வாசலுக்குப் போனால், பக்கத்து வீட்டுப் பெண் படியில் காகிதத்தைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே தறியில் இருப்பது அவள் கணவர். புடவைக்கு வேண்டிய பூவையும் பறவையையும் கணினியில் கட்டம் கட்டமாக வரைந்து கொடுப்பது அவள் தொழில். ஒரு கட்டம் என்றால் ஓர் இழை. அதைப் பார்த்துத்தான் தறிக்கு மேலே தொங்கும் அட்டைகளில் துளை போடுவார்கள். அன்று அவள் முன்னால் இருந்தது இருதலைப்பட்சி. ஒரே உடம்பு, இரண்டு தலை. ஒன்று இந்தப் பக்கம் பார்க்கும், மற்றது அந்தப் பக்கம்.

“என்னம்மா, பட்சிக்கு என்ன ஆச்சு?”

“திருப்பி அனுப்பிட்டாங்கக்கா. ஒரு தலை அண்ணன் மாதிரி இருக்குது, ஒரு தலை தம்பி மாதிரி இருக்குதுன்னு சொல்றாங்க.”

குனிந்து பார்த்தேன். இடது தலையின் அலகு ஒரு கட்டம் நீளம், வலது அலகு ஒரு கட்டம் குட்டை. கொண்டையிலும் அப்படித்தான், கழுத்திலும் அப்படித்தான்.

“எப்பவும் பாதிதான்கா போடுவேன்” என்றாள். “ஒரு தலையப் போட்டுட்டு அப்படியே திருப்பி உட்டுட்டா, இன்னொரு தலை தானா வந்துடும். அதுல தப்பே வராது. நேத்து ஃபைல் அழிஞ்சுபோச்சு, அவசரத்துல ரெண்டு தலையும் தனித்தனியா போட்டேன். தனித்தனியா போட்டா கை ஒரே மாதிரி போவாதுக்கா. மொத்த இழை அதேதானே? இங்க ஒரு கட்டம் ஏறிச்சுன்னா அங்க ஒரு கட்டம் எறங்கிடுது.”

“அப்ப வித்தியாசம் பட்சியில இல்ல.”

“பட்சியில எங்க இருக்குது? என் கையில இருக்குது” என்று சொல்லி அவள் வலது பக்கத்தை முழுக்க அடித்தாள். பென்சிலால் ஒரே கோடு.

 உள்ளே ஓடி, ஆய்வேட்டைப் பரணிலிருந்து இறக்கி, அந்த அட்டவணையை எடுத்தேன். இடது பத்தியில் அக்காவின் நீளங்கள், வலது பத்தியில் தங்கையின் நீளங்கள். நானே தட்டச்சு செய்தது. பதினெட்டுப் பிணைப்புகள். அக்காவுக்கு எவ்வளவு கூடியிருந்ததோ தங்கைக்கு ஏறக்குறைய அவ்வளவே குறைந்திருந்தது. அக்காவுக்குக் குறைந்த இடத்தில் தங்கைக்குக் கூடியிருந்தது. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்கும் சாதாரண நீளம். பதினெட்டும் அப்படி. ஒருத்தியை இரண்டு பேர் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், கணக்கு தன் தடுமாற்றத்தை இருவருக்கும் எதிரெதிராகப் பங்கு பிரித்துக் கொடுத்துவிடும். இதை நான் இப்போது மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். என் அட்டவணையை மட்டும் அப்படிப் படித்துப் பார்த்ததில்லை.

ஐந்து மணிக்கு மின்சாரம் வந்தது. நடுவில் அந்தப் புள்ளியை வைத்து, ஒரே மூலக்கூறு என்று சொல்லிக் கணக்கை மறுபடி ஓட்டினேன். மேற்கு வெயில் சுவரில் சாய்ந்திருந்தது. பனி விலகுவது தெரிந்தது. எப்போதும் ஓரத்தில் கலங்கலாக நிற்கும் அணுக்கள் எல்லாம் அடங்கி, உருண்டு, தங்கள் இடத்தில் உட்கார்ந்தன. நெளிவு இல்லை, இழுப்பு இல்லை. நான் பன்னிரண்டு வருடமாக அக்கா என்றும் தங்கை என்றும் கூப்பிட்டவள் திரையில் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தாள். அவ்வளவு அழகாக இருந்தாள். வெட்கத்தில் எனக்கு அழுகை வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. தறி அடித்துக்கொண்டே இருந்தது. இருட்டும்வரை நான் அந்த நாற்காலியை விட்டு எழவில்லை.

புகார்க் கடிதத்தை அழித்தேன். கட்டுரை வெளியான பத்திரிகைக்குத் திருத்தக் குறிப்பு எழுத வேண்டும். அதை என் பெயரில் மட்டும் அனுப்பினால், தன் தப்பைத் தானே ஒத்துக்கொண்ட நேர்மையானவள் என்று நாலு பேர் மெச்சுவார்கள். முதலில் கண்டுபிடித்தது அவள், அது திருட்டு. அவள் பெயர் வர வேண்டும், அதுவும் முதலில். அதற்கு அவளைக் கேட்க வேண்டும். உன் சங்காத்தமே வேண்டாம் என்று அவள் கதவைச் சாத்திவிட்டால், திருத்தம் வரும், அவள் வர மாட்டாள். அவளோடு சாப்பிட்ட டிபன் டப்பாவின் மூடி நசுங்கியிருந்தது வரைக்கும் எனக்கு நினைவு வந்தது. எனக்கு அவள் வேண்டும். அதை அன்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பழைய எண்ணுக்கு அடித்தால் வேறு யாரோ எடுத்தார்கள். மறுநாள் காலையில் கிளம்பிவிட்டேன். தெருவில் பாவு போட்டிருந்தார்கள். அரக்கு நிறப் பட்டு இழைகளைத் தெருக்கோடி வரை இழுத்துக் கட்டியிருந்தார்கள். அதன் ஓரமாகவே நடந்து பஸ் நிலையத்துக்குப் போனேன். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பாலாற்றுப் பாலத்தின் மேல் போகும்போது கீழே மணல் வெள்ளையாகக் கண்ணைக் கூசவைத்தது. பஸ் ஆட்டத்தில் கண் செருகி, மறுபடி அந்தப் படிக ஊருக்குள் போய்விட்டேன். இந்தத் தடவை எல்லா வாசலிலும் அவள் நின்றுகொண்டிருந்தாள். எந்த வாசலிலும் என்னைக் கூப்பிடவில்லை. கண்டக்டர் மாகறல் என்று தட்டி எழுப்பினார்.

கெமிஸ்ட்ரி டீச்சர் வீடு என்று கேட்டதும் கடைக்காரர் கை காட்டினார். வாசலில் அவள் ஸ்கூட்டரைக் கழுவிக்கொண்டிருந்தாள். தலையில் இரண்டொரு நரை. என்னைப் பார்த்ததும் குழாயை நிறுத்தினாள்.

“வாங்க” என்றாள்.

ஒரே வாளியில் குளித்தவளை ‘வாங்க’ என்று கூப்பிட்டால் அதற்கு மேல் திட்ட ஒன்றும் பாக்கியில்லை. உள்ளே போய் உட்கார்ந்தேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள், அதையும் ‘ங்க’ போட்டுத்தான். நான் லேப்டாப்பைத் திறந்து, மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். புதிய பதிப்பு, நான்கு நிமிடம், பதினெட்டுப் பிணைப்புகள், பட்சி. அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, மூலக்கூறை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். பிறகு திரையில் ஓரிடத்தில் விரலை வைத்தாள். ஊக்கு குத்தின இடம்.

“நீ சொன்னதுதான் சரி. ரெண்டும் ஒருத்திதான்” என்றேன்.

“நல்ல வெர்ஷன்தான்” என்றாள்.  “அன்னைக்கு ஒண்ணு சொன்னீங்களே, நாத்து நடற வேலை இல்லன்னு. அதுக்கு எதனா புது வெர்ஷன் வந்திருக்குதா?”



“அதுக்கு நான்தான் வந்திருக்கேன்” என்றேன். “நீ நடவுக்குப் போயிட்டு வந்தது தெரிஞ்சேதான் சொன்னேன். ஜெயிக்கணும்னு சொன்னேன். தப்பு. மன்னிச்சுடு.”

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். பாத்திரச் சத்தம் கேட்டது. திரும்பி வருவாளா, அப்படியே எழுந்து போய்விடுவதுதான் மரியாதையா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். திரையில் அந்த ஒருத்தி சுற்றிக்கொண்டிருந்தாள். வெகு நேரம் ஆனது மாதிரி இருந்தது. இரண்டு டம்ளர் டீயோடு வந்தாள்.

“எங்கப்பா கிட்ட அதைச் சொன்னேன்பா” என்றாள். ‘ங்க’ போய்விட்டிருந்தது. “சொல்லியிருக்கக் கூடாது. அதுக்கப்புறம் அவரு என்னை நடவுக்குக் கூப்பிடவே இல்ல. நீ படிக்கிற பொண்ணு, சேத்துல எறங்காதேன்னுட்டாரு. ஆராய்ச்சி போனதுகூட போவட்டும்னு உட்டுட்டேன். இது மட்டும் எனக்கு ஆறவே இல்ல.”

 டீயைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். அது ஆறிப்போனது.

பிறகு திருத்தக் குறிப்பின் படிவத்தைக் காட்டினேன். ஆசிரியர் என்ற இடத்தில் முதல் வரி காலியாக இருந்தது, இரண்டாவதில் நான். “உன் பேர் வரணும். முதல்ல” என்றேன்.

“வேணாம்னு சொல்லுவேன்னு நெனச்சியா?”

“நெனச்சேன்.”

“போடு. இனிஷியலோட போடு.” அவள் படிவத்தைப் பார்த்தாள். “இந்தக் குடும்பப் பேருன்னு கேக்கறானே, இங்க எங்கப்பா பேரு முழுசா வருமில்ல?”

“வரும். உன்னை அந்தப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. இந்தத் திருத்தத்தையே அந்தப் பேராலதான் சொல்லுவாங்க.”

“அப்ப நாத்து நட்டவரு பேருலயே வரட்டும்” என்றாள்.

பின்பக்கம் குழாயடியில் யாரோ கால் கழுவும் சத்தம் கேட்டது. அவள் குரல் கொடுத்தாள்.

“அப்பா, உன் பேரை இங்கிலீஷ்ல எப்படி எழுதறது?”

“எதுக்கும்மா? மறுபடியும் கார்டு மாத்தறாங்களா?” என்று கேட்டுக்கொண்டே வந்தார் அவர். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார், முழங்கால் வரை ஈரம்.

“இல்லப்பா. வெளிநாட்டுப் புஸ்தகம் ஒண்ணுல உன் பேரு வரப்போவுது.”

அவர் அதை நம்பினதாகத் தெரியவில்லை. ஆனால் எழுத்தில் அவருக்குக் கண்டிப்பு இருந்தது. “ஆதார்ல நடுவுல ஒரு ‘எச்’ போட்டுக் கெடுத்து வச்சிருக்கான். பேங்க் புக்குல இருக்கிறதுதான் சரி” என்று சொல்லி, பீரோவைத் திறந்து தானே எடுத்து வந்தார். என்னைப் பார்த்து, “யாரும்மா, காஞ்சிபுரமா? இருந்து சாப்ட்டுட்டுப் போ” என்றார்.

“என்கூடப் படிச்சவப்பா” என்றாள் அவள். அதற்குமேல் என்னைப் பற்றி அவரிடம் எதுவும் சொல்லவில்லை.

அவர் புத்தகத்தைப் பிரித்துத் தன் பெயருக்குக் கீழே ஈர விரலை வைத்துக்கொண்டு நின்றார். அந்த விரலின் ஓரத்தைப் பார்த்துப் பார்த்து நான் ஒவ்வோர் எழுத்தாக அடித்தேன். எச் இல்லாமல். அடித்து முடித்ததும் ஒருமுறை சரிபார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பி வைத்தேன்.

“நீ ஒரு தரம் கண்ணால பாத்துச் சொல்லு” என்றேன்.